காவல்காரனுக்குப் பதில் சொல்ல மாட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் "சரிப்பா, சரிப்பா" என்றேன். சரி இல்லை. போனில் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நேரில் வந்தபோது சொல்லாமல் போனில் சொன்னாயோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் நான் வேறு ஆள். இதை நீ மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடாதே. உன்னோடு வேலை செய்கிற இரண்டு பேரும் படிக்கட்டும். எப்போது வரும், எப்போது வரும் என்று உங்கள் இணையப் பக்கத்தில் தினமும் வந்து கேட்கிறார்களே, அவர்கள் கண்ணிலும் படட்டும். போட்டால் முழுதாகப் போடு. அம்மா கொஞ்சம் காரமாக எழுதியிருக்கிறாள் என்று நடுவில் எதையும் எடுத்துவிடாதே.

"நீர்சூழ்மலை" கம்ப்யூட்டர் விளையாட்டின் நான்காம் பாகம் வெளிவரப்போகிறது. முதல் மூன்று பாகங்களையும் நானும் ஸ்டெல்லாவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செய்தோம். அந்தத் தொடரை நீ எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை. மலையைக் கொடுத்தேன். சுற்றி நிற்கும் தண்ணீரைக் கொடுத்தேன். படகுக்காரியை, மந்திரம் மறந்துபோன மந்திரவாதியை, பேர் உட்பட எல்லாவற்றையும் கொடுத்தேன். இப்போது நீ சொல்கிறாய்: "அம்மா, கேட்ல பேசாம நிக்கற வழிய மட்டும் எடுத்துட்டோம். டெஸ்ட் பண்ண எல்லாருமே கேம் ஹேங் ஆயிடுச்சுன்னு நெனைக்கறாங்க. அதுக்குப் பதிலா செம டயலாக் ஒண்ணு வெச்சிருக்கோம்." அந்த வசனத்தை வாசித்தும் காட்டினாய். 'என் தந்தை யாரென்று கேட்க நீ யார்?' என்று நாயகன் முழங்குகிறான். கதவு வெடித்துச் சிதறுகிறது. பின்னால் மேளம் வேறு. நகம் வெட்டியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாய். நான் சாப்பிட்டேன் என்றேன். உண்மையில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ எடுத்தது எதை என்று உனக்கே தெரியாது. நான் சொன்னதில்லை. உன் நண்பர்களுக்கும் உங்கள் பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கும் தெரியவே தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தபோது எங்கள் வீட்டில் அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வீடு பம்மலில். உன் தாத்தா அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் தோலை ஊறப்போட்டுப் புரட்டி எடுக்கிற வேலை. சாயந்திரம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். குளித்தாலும் அந்த வாசனை போகாது. எனக்கு அது அப்பாவின் வாசனை, அவ்வளவுதான். கல்லூரிக்குப் போன பிறகுதான் அது மற்றவர்களுக்கு வேறு ஏதோ என்று தெரிந்தது. பம்மல் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் என்னைப் பார்த்து வகுப்பில் ஒருத்தி கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். என் மேல் எந்த வாசனையும் இல்லை, அவளும் எதையும் முகரவில்லை. பம்மல் என்ற பேர் போதுமாக இருந்தது அவளுக்கு.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு மிக்ஸி கிரைண்டர் கடைக்கு மேல் மாடியில் எட்வின் சாரின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அதை ஆரம்பித்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினோம். ஜில்லென்ற அறையில் வெறுங்காலோடு, கோயிலில் நிற்பதுபோல நிற்போம். படிக்கப் போன என்னைச் சார் அங்கேயே பாடம் எடுக்க வைத்துக்கொண்டார். முதல் மாதம் பிள்ளைகள் முகத்தையே நான் பார்த்ததில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். அங்கே என்னோடு பாடம் எடுத்த ஸ்டெல்லா எனக்கு நேர் எதிர். சேலையூரில் வீடு, அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள், வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

சாருடைய உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஃப்ளாப்பியில் ஒரு விளையாட்டு கொண்டுவந்தார். நீ ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ உன்னை ஆக்கிக்கொள்கிறாய். ஊர் ஊராகப் போகிறாய், ஆட்களோடு பேசுகிறாய், சண்டை போடுகிறாய், கொஞ்சம் கொஞ்சமாக வலிமை பெறுகிறாய். நானும் ஸ்டெல்லாவும் மத்தியான வகுப்புகளுக்கு நடுவில் அதிலேயே கிடந்தோம். ஒரு நாள் ஸ்டெல்லா, "இந்தக் குள்ளனுங்க, காது நீண்டவனுங்க எல்லாம் எந்த ஊர்க்காரனுங்கடீ? நமக்கு ஒருத்தனையும் தெரியலயே. நம்மளே ஒண்ணு பண்ணா என்ன?" என்றாள். மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் திருநீர்மலை ஏரித் தண்ணீருக்கு நடுவில் மிதப்பதுபோல் இருக்கும். அதைத்தான் எடுத்தோம். தண்ணீர் சூழ்ந்த மலை, உச்சியில் அணைந்துகிடக்கும் ஒரு விளக்கு, அதைப் போய் ஏற்ற வேண்டும். அப்போது அந்த மெஷினில் தமிழ் கிடையாது. ஸ்டெல்லா கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். "ணௌ மாதிரி எழுத்தையெல்லாம் எவன் கண்டுபுடிச்சான், திரையையே அடைச்சிட்டு நிக்குது" என்று திட்டிக்கொண்டே வரைந்தாள். நான் நிரலையும் கணக்கையும் பார்த்துக்கொண்டேன். யாரும் எங்களிடம் செய் என்று சொல்லவில்லை. எங்களுக்கு முதலாளியும் கிடையாது. இதற்கு இன்றைக்கு நீங்கள் இண்டி கேம் என்று பேர் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அது மத்தியான வேலை.

முதல் பாகத்தில், மலை அடிவாரத்தில் ஒரு வாசல் வைத்தேன். அங்கே ஒரு காவல்காரன். மேலே போக வேண்டும் என்றால் அவன், 'யார் வீட்டுப் பிள்ளை நீ?' என்று கேட்பான். தலைவர் பிள்ளை, வணிகர் பிள்ளை, வைத்தியர் பிள்ளை, உழவர் பிள்ளை, படகுக்காரர் பிள்ளை. ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அதற்கேற்ப உன் வாளும் வலிமையும் அமையும். இதை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு ஊருக்குள் புது ஆள் வந்தால் இதைத்தானே கேட்பார்கள்? அதில் தப்பு இருப்பதாகச் சாருக்கும் தோன்றவில்லை, ஸ்டெல்லாவுக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டில் எந்தக் காவலாளியும் அப்படிக் கேட்கவில்லை. நாங்கள்தான் எங்கள் ஊரை அப்படியே தூக்கி உள்ளே வைத்திருந்தோம். படகுக்காரர் பிள்ளைக்கு ஒரு படகு கிடைக்கும், தண்ணீர் சூழ்ந்த மலையில் அதைவிடப் பெரிய சொத்து வேறு இல்லை. ஆனாலும் ஒருவரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று சென்டர் சென்டராகக் காப்பி ஆகிப் போனது விளையாட்டு. எங்கே பார்த்தாலும் தலைவர் பிள்ளைகள். "தலைவர் பிள்ளைங்க இத்தன பேரு சுத்தினா ஊர்ல வேலை செய்யறவன் யாருடீ?" என்று ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாம் பாகத்திலும் அதே வாசல், அதே கேள்வி.

நான் வைத்த ஐந்து பேரில் தோல் பதனிடுபவர் பிள்ளை இல்லை என்பது எனக்கு அப்போதும் தோன்றவில்லை. அதைத் தோன்ற வைத்தது ஒரு இன்டர்வியூ.

கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனி. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நிரல் எழுதுவதைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். அப்புறம் நடுவில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பம்மலா? ஃபாதர் என்ன பண்றார்?" என்றார். வீட்டில் உன் பாட்டி எனக்கு இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். 'லெதர் கம்பெனில சூப்பர்வைசர்னு சொல்லு' என்பாள். அந்தப் பதில் நாக்கு வரை வந்தது. அதே நேரம் உண்மையான பதிலும் வந்தது. இரண்டையும் சொல்லப் பிடிக்கவில்லை. பொய்யைச் சொன்னால் அப்பாவை மறைத்ததாகும். உண்மையைச் சொன்னால், என் கணக்கை அவ்வளவு நேரம் கேட்டவர் இனி அப்பாவை வைத்து என்னை அளப்பார். பேசாமல் இருந்தேன். "உங்களத்தாம்மா." பேசாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "வெட்கப்படறாங்க சார்" என்றார். மூன்றாமவர், "காது கேக்குதா?" என்றார். நான் கீழே பார்க்கவில்லை. நடுவில் இருந்தவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு அந்நியர் கண்ணை. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் ஒன்றைக் கவனித்தேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது. கேட்ட கேள்வி திரும்பி அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. பேனாவைத் திறந்தார், மூடினார். தன் தகப்பனார் ரயில்வேயில் இருந்தார் என்று யாரும் கேட்காமலே சொன்னார். அப்புறம், "சரி, நீங்க போலாம்" என்றார். வேலை கிடைக்கவில்லை. கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவேண்டும், வரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாசலை எப்படி மாற்றி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் பாகத்தின் வாசலைப் பற்றி இப்போது உனக்குப் புரியும். முதல் இரண்டு பாகங்களில் நீ எதையாவது அழுத்தும்வரை மெஷின் காத்திருக்கும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும், ஏனென்றால் அது மெஷின். மூன்றாம் பாகத்தில் நீ அழுத்தாமல் இருப்பதை அது கவனிக்கும்படி எழுதினேன். அழுத்தவில்லையா, காவல்காரன் இரண்டாம் முறை கேட்பான். அப்புறம் குரலை மாற்றிக் கேட்பான். 'உன் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்' என்பான். கேலி செய்வான். ஊமையா என்பான். அடுத்து, யாரும் கேட்காமல் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவான். சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வான். நீ உள்ளே போகலாம். உனக்கு வாள் கிடைக்காது. கடைக்காரன் உனக்குக் கடன் தரமாட்டான். ஆனால் உன்னை யாராலும் ஒரு வரிசையில் நிறுத்த முடியாது. மலையில் நீ போகக்கூடாத தெரு என்று ஒன்று இருக்காது. கஷ்டமான வழிதான். அதை லேசாக்கச் சொல்லி ஸ்டெல்லா கெஞ்சினாள். நான் லேசாக்கவில்லை, ஏனென்றால் அது லேசாக இருந்ததில்லை.

வேலை முடிந்ததும் உன் தாத்தாவை அவருடைய லீவு நாளில் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படியில் அவர் என்னைவிடக் கூச்சப்பட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுண்ணாம்பு தின்ற பாதத்தைத் துண்டால் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வந்தார். எட்வின் சார் எழுந்து நாற்காலி போட்டார், அதற்காக அவரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. திரையில் காவல்காரன் கேட்க ஆரம்பித்தான். "எதையும் தொடாதப்பா. சும்மா இரு" என்றேன்.

"சும்மா இருக்கறதுக்கா இவ்ளோ பெரிய மெஷினு?" என்றார்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாத்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வரிகளைப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தேன். ஊமையா என்று அவன் கேட்ட இடத்தில் தாத்தாவின் தாடை இறுகியது. அப்புறம் காவல்காரன் தன் கதையைப் புலம்பத் தொடங்கியதும் முகம் மெல்ல மாறியது. கதவு திறந்தது. "ஆளு டயர்டு ஆயிட்டான்மா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து, அதுவும் வெளியிடத்தில், நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் டவுனிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். கம்ப்யூட்டரும் சாமான்களும் விற்பவர். மூன்றாம் பாகத்தை அழகான அட்டைப் பெட்டியில் போட்டு, எங்கள் பேர் அச்சடித்து, ஊரெல்லாம் அனுப்பலாம் என்று எட்வின் சாரிடம் பேசி வைத்திருந்தார். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். நீயும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறாய். அவர் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். வாசல் வந்தது. சென்டர் போனில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது, பேசிவிட்டுத் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார்.

"மேடம், இது ஹேங் ஆயிடுச்சு."

"ஆகல சார். அவன் உங்களப் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றாள் ஸ்டெல்லா.

விளக்கிச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வாங்குகிறவன் ஃப்ளாப்பி கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொண்டுவருவான், இதை எடுத்துவிடுங்கள், அடுத்த வாரமே பெட்டி தயார் என்றார். எட்வின் சார் என்னைப் பார்த்தார். "அந்த ஒரு இடத்த மட்டும் மாத்திடலாம் இல்லம்மா? சின்ன வேலைதான்?" நான் பேசவில்லை. "மாத்திடறேன்னு சொல்லும்மா." பேசவில்லை. கடைக்காரர் வேறு விதமாகக் கேட்டார்: "நீங்க சின்னப் பொண்ணு, வாய்ப்பு சும்மா சும்மா வராது." கொஞ்சம் கோபமாகக் கேட்டார். கொஞ்சம் பாசமாகக் கேட்டார். அப்புறம், தான் இந்தத் தொழிலுக்கு எப்படிக் கஷ்டப்பட்டு வந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த இடத்தில் ஸ்டெல்லாவுக்கு அடக்க முடியவில்லை, இருமுவதுபோல் எழுந்து வெளியே ஓடினாள். அவர் டீயை முடித்துவிட்டு, "இவங்ககிட்ட பேசி பிரயோஜனம் இல்ல சார்" என்று படி இறங்கினார். பெட்டி வரவில்லை. எங்கள் பேர் எங்கேயும் அச்சாகவில்லை. எட்வின் சார் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே உட்கார்ந்து ஃப்ளாப்பி காப்பி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பண்றது, கையாலயே எழுதி ஒட்டிக் குடுப்போம்" என்றார். கோபம் தணிந்தால் அவருக்கு மெட்ராஸ் பாஷை வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து ரயில் போகிற வழியெல்லாம் அது போனது. திட்டியவர்கள் நிறைய. ஹேங் ஆகிறது என்று தினமும் யாராவது வந்து சொல்வார்கள். ஒரு நாள் பொழிச்சலூரில் கேஸ் ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்தார். எங்களிடம் டைப்பிங் படிக்க வந்தவர், விளையாட்டை அவருக்கு யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்து, "இன்னாமா நீ, அந்த ஆளு கேட்டுக்கினே கீறான். எனக்கு எதை அமுக்கறதுன்னு தெரில, அதுல எங்க வூட்டு வேலையே இல்ல. சரி போடான்னு குந்திக்கினு இருந்தேன். தொறந்துட்டாம்மா!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க ஆபீஸ்லயும் இதேதான் கேப்பானுங்க. கேட்டா சொல்லித்தான் ஆவணும்னு இத்தினி நாளு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அச்சடித்த பெட்டி வந்திருந்தால் அந்த அக்காவுக்கு அந்த வாசல் கிடைத்திருக்காது. அன்றைக்கு முதல் அந்தப் பெட்டியைப் பற்றி நான் ஒரு முறைகூட வருந்தியதில்லை.

உன் அப்பா வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த கதையும் இதில் சேரும். அவர்கள் எங்கள் ஆட்கள்தான், ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னமே ஆபீஸ் நாற்காலிக்குப் போய்விட்டவர்கள். உன் அப்பாவின் அத்தை, உன் தாத்தா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பார்த்து, "உங்கப்பா என்ன வேலைம்மா பாக்கறாரு?" என்று கேட்டார். தரகர் எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். தெரிந்துகொண்டே கேட்கிறார், நான் என் வாயால் சொல்லிக் குறுக வேண்டும் என்று. நான் பேசவில்லை. உன் பாட்டி கதவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினாள். அப்போது உன் அப்பா, "அத்த, அவங்க சொல்ல மாட்டாங்க போல. காபி ஆறுது, குடி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் தெளிவானது. வாசலில் நிற்கிறவன் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. கிண்டியில் இருந்தவருக்கும் பம்மல் என்றதுமே பதில் தெரிந்திருந்தது.

இப்போது உன் வசனத்துக்கு வருகிறேன். பேசாமல் இருப்பது அடங்கிப்போவதுபோல் இருக்கிறது, இன்றைக்கு விளையாடுகிறவர்கள் எதிர்த்துப் பேச விரும்புகிறார்கள் என்றாய். நன்றாகப் பேசட்டும். அந்த வசனத்தை எடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழங்கினால் கதவு வெடிக்கும் என்று யார் உனக்குச் சொன்னது? எனக்குத் தெரிந்து முழங்கியவர்கள் எல்லோருக்கும் பின்னால் யாராவது இருந்தார்கள். ஒரு அப்பா, ஒரு சங்கம், ஒரு பேர். யாரும் இல்லாதவளிடம் வாசலில் அவளுக்கென்று இருப்பது ஒன்றுதான், அவள் தராமல் வைத்திருக்கும் பதில். அதைக் கேட்டுப் பிடுங்க யாராலும் முடியாது. முழங்குகிறவனும் ஒரு விதத்தில் காவல்காரனுக்குப் பதில்தான் சொல்கிறான், அவன் கேள்விக்குள் நின்றுகொண்டுதான் கத்துகிறான். உனக்கு அது தெரியாததில் தப்பில்லை. உன்னை யாரும் அப்படிக் கேட்கக்கூடாது என்றுதான் நானும் உன் அப்பாவும் வீடு மாற்றி, பள்ளிக்கூடம் மாற்றி உன்னை வளர்த்தோம். கேட்கப்படாமல் வளர்ந்த பிள்ளை நீ. அதில் எனக்குப் பெருமைதான். அதனாலேயே அந்த இடத்தை எடுக்கிற உரிமை உனக்குக் கிடையாது என்கிறேன்.

தாத்தாவின் வேலையை நான் மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாம் பாகத்தில் உச்சிக்குப் போய் விளக்கை ஏற்றியவர்களுக்கு, இதைச் செய்தது யார் என்று திரை சொல்லும். என் பேருக்குக் கீழே, 'பம்மல் தோல் தொட்டித் தொழிலாளியின் மகள்' என்று இருக்கும். மலை ஏறி வந்தவர்களுக்கு நானாகச் சொல்வேன். வாசலில் நின்று கேட்பவனுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆகவே கேட்டுக்கொள். நீ வேறு ஒரு மலை கட்டலாம், வேறு பேர் வைக்கலாம், கதவுகளை எல்லாம் வெடி வைத்துத் தகர்க்கலாம். முதல் ஆளாக நான் விளையாடி, நன்றாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் அது நீர்சூழ்மலை என்ற பேரில் வந்தால், பேசாமல் நிற்பவர்களுக்கு அந்த வாசல் திறக்க வேண்டும். ஹேங் ஆனதாக நினைக்கிறார்கள் என்றால் காவல்காரனைக் கண் சிமிட்ட வை, கால் மாற்றி நிற்க வை, கொட்டாவி விட வை. நாங்கள் புள்ளி புள்ளியாக வரைந்த காலத்தில் முடியாதது உங்களுக்கு முடியும். அவன் கேட்கும் கேள்விகளைப் புதிதாக எழுதி இதோடு அனுப்புகிறேன். சொந்த ஊர் எது, அங்கே எந்தப் பக்கம், வீட்டில் என்ன சமைப்பீர்கள், முழுப் பேர் என்ன, அப்பா பேர் என்ன, இல்லை சும்மாதான் கேட்டேன். நீங்கள் மூன்று பேரும் வாடகைக்கு வீடு தேடிய கதையைப் போன தீபாவளிக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்களே, உன் நண்பன் ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கேள், இன்னும் எழுதித் தருவான்.

இதற்குப் போனில் பதில் சொல்லாதே, நான் சரிப்பா என்றுவிடுவேன். விளையாட்டு வெளிவருகிற அன்றைக்கு மற்றவர்களைப்போல நானும் வாங்கி, இந்த மேஜையில் உட்கார்ந்து திறப்பேன். தண்ணீரைத் தாண்டி வாசலுக்கு வருவேன். காவல்காரன் கேட்பான். நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன். நீ திறப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் மறுநாள் காலையிலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா